நாலாயிரம் புத்தகங்களும் ஓர் அலமாரியும்

கேள்வி: நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 71. கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் ஏறக்குறைய 4,000 புத்தகங்கள் உள்ளன. கம்பன், சிற்றிலக்கியங்கள், மாஸ்கோவில் அச்சான ருஷ்ய மொழிபெயர்ப்புகள், வங்க மராத்தி நாவல்கள், சித்த மருத்துவம், வானியல், என் அம்மா வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் என்று எல்லாமும் உண்டு. மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் கூடிப் படித்ததைப் பற்றிப் பேசுவோம். அவர்களில் மூவர் இப்போது இல்லை. மிஞ்சியிருப்பது நானும், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவரும்தான்; அவருக்கும் கண்பார்வை மங்கிவிட்டது. வரும் தை மாதம் மகன் என்னைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறான். அவனுடைய குடியிருப்பில் ஓர் அலமாரிக்குத்தான் இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு கல்லூரிக்குக் கொடுத்த புத்தகங்கள் சாக்கு மூட்டையிலேயே வராந்தாவில் கிடந்து செல்லரித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இறந்துபோன தோழியிடம் இரவல் வாங்கிய சில புத்தகங்களும் என்னிடமே தங்கிவிட்டன; அவள் மகளுக்கு அது தெரியாது. இவற்றையெல்லாம் என்ன செய்வது? புத்தகங்கள் போனால் அந்த நட்புகளும் போய்விடும் என்று தோன்றுகிறதே, அது மடமையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். அது மடமை அல்ல. தமிழாசிரியை வீட்டில் கம்பராமாயணம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் வானியலும் சித்த மருத்துவமும் மராத்தி நாவல்களும் அதே கூரையின் கீழ் வந்து சேர்ந்திருக்கின்றன என்றால், அவற்றில் பலவற்றை யாரோ ஒருவர் கையோடு கொண்டுவந்து, ‘டீச்சர், இதைப் படித்துப் பாருங்கள்’ என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஐந்து பேருடைய ருசியும் பிடிவாதமும் கலந்து வளர்ந்த நூலகம் அது. அலமாரிகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் அவற்றைக் கொடுத்துவிடுவது என்ற பேச்சு எழுந்தவுடன் உங்களுக்கு மனிதர்களின் நினைவு வருகிறது.

எந்தப் புத்தகம் யார் சொல்லி வந்தது, யார் அதைப் பாதியில் வைத்தார், எதைப் பற்றி எந்தச் சனிக்கிழமை சண்டை நடந்தது என்பதெல்லாம் உங்கள் நினைவிலும் அண்ணாச்சியின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. அந்த நினைவு இல்லாமல் 4,000 புத்தகங்களை ஒரு லாரியில் ஏற்றினால் போய்ச் சேருவது வெறும் காகிதச் சுமை. ஆகவே மொத்தமாக எங்கும் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. தை பிறக்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் கையால், சிறுகச் சிறுக, பேசிப் பேசிக் கொடுங்கள்.

உங்கள் பக்கத்து மண்ணில் இதற்கு நல்ல முன்னோர்கள் இருக்கிறார்கள். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஊர்த் தோழர்களாகத் தொடங்கிப் படிப்பிலும் இசையிலும் ஒருவரை ஒருவர் வளர்த்தவர்கள். அழகிரிசாமி வேலைக்காகச் சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் போன பின்பு அந்தப் பேச்சு கடிதங்களில் தொடர்ந்தது. 1970-இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் கடிதங்கள் புத்தகமாகி நம் கைக்கு வந்திருக்கின்றன. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியச் சபையைத் தமிழாசிரியையான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பனின் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதிலிருந்து எளிதில் நகராமல் அனுபவித்த அந்தச் சபையிலிருந்து பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராசன் போன்றோர் எடுத்துச் சென்ற ரசனை அடுத்த தலைமுறைக்கும் கைமாறியது. டி.கே.சி.யின் அலமாரியில் எத்தனை நூல்கள் இருந்தன என்று இன்று யாரும் கேட்பதில்லை. உங்கள் ஊரிலேயே கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை எத்தனையோ இளம் எழுத்தாளர்களுக்குப் பேசும் இடமாக இருந்திருக்கிறது. உங்கள் திண்ணையும் இந்த வரிசையில் வைக்கத்தக்கதே. ஐந்து பேர் கூடியது என்பதற்காக அதைச் சிறியதாக நினைக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதல் வேலை, புத்தகங்களைத் தொடுவதற்கு முன்னால் அண்ணாச்சியைப் பார்ப்பது. ஐவரில் எஞ்சிய இருவரில் ஒருவர் அவர். பார்வை மங்கியதால் அவருக்குப் புத்தகம் எதற்கு என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அவர் வீட்டுக்கே போய், எந்தெந்தப் புத்தகங்கள் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். படிக்க முடியாவிட்டாலும் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிற புத்தகங்கள் ஒருவருக்கு இருக்கும். பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டட்டும் என்று அவர் சிலவற்றைக் கேட்கலாம். அவர் கேட்டது போக எஞ்சியதுதான் மற்றவர்களுக்கு.

இரண்டாவது, ஒரு நீளமான கணக்கு நோட்டு. பள்ளியில் இருப்புப் பதிவேடு எழுதிப் பழகியவர் நீங்கள்; நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று பத்தி பிரிப்பது உங்களுக்குக் கடினமல்ல. நான் கேட்பது கடைசியில் ஓர் அகலமான பத்தி. காண்டேகரின் மராத்தி நாவல் ஒன்றின் கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்பு இருந்தால், அதற்கு எதிரே, ‘இதைத் தோழி மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கினாள், முடிவு சரியில்லை என்று அண்ணாச்சி சொல்ல, இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன, 84-ஆம் பக்கத்தில் பென்சில் கோடு அவளுடையது’ என்பது போல எழுதுங்கள். எல்லாப் புத்தகத்துக்கும் இப்படி எழுத முடியாது, தேவையும் இல்லை. முந்நூறு நானூறு புத்தகங்களுக்கு அமைந்தாலே அது உங்கள் வட்டத்தின் வரலாறாகிவிடும். அந்த நோட்டு உங்களோடு பெங்களூருக்கு வரும். புத்தகங்கள் போனால் நட்பும் போய்விடுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு என்னால் தர முடிந்த நேரான மருந்து இதுதான். அண்ணாச்சியை அருகில் வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது. நீங்கள் மறந்தது அவருக்கு நினைவிருக்கும்.

தோழியின் புத்தகங்களைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவள் மகளுக்குத் தெரியாது என்பது திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு காரணமே தவிர, வைத்துக்கொள்வதற்கு அல்ல. இரவல் திரும்பவில்லை என்ற கூச்சம் உங்களுக்கு இருக்கிறது; ஆனால் அந்த மகளின் பக்கம் நின்று பாருங்கள். அம்மா மறைந்து காலம் கழித்து, அம்மாவின் கையெழுத்தும் ஓரக் குறிப்புகளும் உள்ள புத்தகங்கள் வீடு தேடி வருகின்றன. அதை அவள் கடனாக நினைக்க மாட்டாள். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். முடியாவிட்டால் பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளேயும் ஒரு தனிக் காகிதத்தில், அம்மா இதை எப்போது கொடுத்தாள், இதைப் பற்றி என்ன சொன்னாள் என்று நாலைந்து வரி எழுதி வையுங்கள். பென்சில் குறிப்புகளை அழிக்காதீர்கள். கிழிந்த பக்கங்களுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தையும் அரிக்கும். அவள் பார்த்துவிட்டு, ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவை இரவல் அல்ல. உங்கள் புத்தகங்களும் யார் யார் வீட்டிலோ இருக்கும். அவற்றைத் தேடி வாங்க வேண்டாம், அவை போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கின்றன.

அடுத்து, நிறுவனங்களுக்கு உரியவை. இதில் பலரும் நினைப்பதற்கு மாறாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை போட்ட காப்பியப் பதிப்புகளைவிட, வீட்டில் யாரும் பொருட்படுத்தாத மெல்லிய தாள்களே ஆய்வு நூலகங்களுக்கு அரிதானவை. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களோடு பாட்டுப் புத்தகங்கள், நாடகத் துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் என்று பிறர் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. புதுக்கோட்டையில் ஆசிரியர் கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் தம் சம்பாத்தியத்தில் வளர்த்த ஞானாலயா, லட்சம் நூல்களைக் கடந்த ஒரு வீட்டு நூலகம்தான். முதற்பதிப்பைத் தேடிப் போன ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கு அங்கே புத்தகத்தோடு அதன் பதிப்பு வரலாற்றையும் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தார் என்பதே அதன் பெருமை. அப்படி ஆள் வாய்க்காத சேகரிப்புகளும் உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையின் நூல்கள் அவர் மறைவுக்குப் பின் கல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போய், அவர் பெயரிலேயே தனிச் சேகரிப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன. பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர் அதைப் பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது!

இந்தக் கண்ணோட்டத்தில் உங்கள் வீட்டில் எனக்கு முதலில் தெரிவது உங்கள் அம்மாவின் பைண்டு புத்தகங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். முதுகில் காலிகோத் துணி, ஊசி நுழைந்த பழைய துளைகள், பக்கத்தின் மேல் விளிம்பில் இதழின் தேதி, கதையின் பின்பக்கத்தில் அந்த வாரத்துச் சோப்பு விளம்பரமோ துணுக்கோ இருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது மணியம் வரைந்த ஓவியங்களோடு வந்தது. பின்னால் வந்த எத்தனையோ மலிவுப் பதிப்புகளில் அந்த ஓவியங்கள் இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் அரிவாள்மணைக்கும் அடுப்புக்கும் இடையில் ஊசியும் நூலும் வைத்துக் கோத்து வைத்த இந்தத் தொகுப்புகளால்தான், எந்தக் கதை எந்த ஓவியத்தோடு எந்த வாரம் வாசிக்கப்பட்டது என்பது இன்றைக்கும் தெரிகிறது. அவற்றை மறுபடி பைண்டிங் கடைக்குக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஓரத்தை வெட்டிச் சமன்செய்யும்போது தேதியும் சில சமயம் கடைசி வரியும் சேர்ந்தே போய்விடும். ரோஜா முத்தையா நூலகத்துக்கோ ஞானாலயாவுக்கோ பட்டியலோடு எழுதிக் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழைய நூல்களை மின்னுருவாக்கி எல்லோருக்கும் திறந்து வைக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், தேர்தல் துண்டறிக்கை, சிற்றிதழ்கள் என்று பரணில் ஏதாவது இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போடுவதற்கு முன் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வேறெங்கும் கிடைக்காத ஒரே படியாக இருப்பவற்றைப் படமெடுத்தும் வைத்துவிடுங்கள். இப்படிச் சொல்வதற்கு எனக்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் 1933-இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே நூல்களை வைத்து ஊர் மக்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்த முயற்சியே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமானது. 1981-இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. கட்டடத்தை மறுபடி எழுப்ப முடிந்தது. ஒரு வீட்டு நூலகம் எவ்வளவு பெரியதாக வளரக்கூடும் என்று நினைக்கும்போதெல்லாம், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதைப் பற்றிய கவலையும் எனக்குக் கூடவே வருகிறது. இன்று ‘நூலகம்’ நிறுவனம் ஈழத்து ஆவணங்களை ஒவ்வொன்றாக மின்னுருவாக்கி வருவதை நான் நன்றியோடு பார்க்கிறேன்.

எஞ்சிய பெரும்பகுதி, அதாவது கடையில் இன்றும் கிடைக்கிற நாவல்கள், கட்டுரைகள், அறிவியல் நூல்கள் எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கட்டும். கல்லூரி வராந்தாவில் கிடந்த சாக்கு மூட்டை உங்கள் மனதை விட்டுப் போகவில்லை என்பது புரிகிறது. அங்கே நடந்தது தவறு. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தவிர்க்கவும் முடியும். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் எண் போட வேண்டும், பகுப்பு எண் எழுத வேண்டும், முத்திரை வைத்து அடுக்க வேண்டும். ஒரே நூலகர் இருக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு நாளில் வந்து இறங்கினால் மூட்டை அவிழ்க்கப்படாமலே கிடக்கும். ஐம்பது ஐம்பதாக, பட்டியலோடு கொடுங்கள். முதல் ஐம்பது அலமாரிக்கு வந்து, அதில் ஒன்றையாவது யாரேனும் வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்த பிறகு அடுத்த ஐம்பதைக் கொடுங்கள். கொடுப்பவர் நீங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. அதை நிறைவேற்ற ஒரு பெரிய கல்லூரியைவிட, மாணவர்கள் இடைவேளையில் நுழைந்து போகிற ஒரு பள்ளி நூலகமோ உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள கிளை நூலகமோ பொருத்தமாக இருக்கலாம்.

ருஷ்யப் புத்தகங்களை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்காமல் ஆட்களுக்குக் கொடுங்கள் என்பேன். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றோர் மொழிபெயர்த்து, மாஸ்கோவில் அச்சாகி, சில ரூபாய்க்கு நம் ஊர்களில் விற்ற அந்தப் புத்தகங்களின் வரவு 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு நின்றுவிட்டது. இன்றைய இளம் வாசகர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். உங்கள் பழைய மாணவர்களில் படிக்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். இனி வரும் இரண்டாவது சனிக்கிழமைகளில் அவர்களைத் திண்ணைக்கு அழையுங்கள். ஆளுக்கு ஐந்து புத்தகம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அண்ணாச்சியும் வரட்டும். நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகும் அந்தப் பிள்ளைகள் வேறொரு திண்ணையில் கூடினால் எனக்கு வியப்பாக இருக்காது.

பெங்களூருக்கு எதை எடுத்துப் போவது? ஓர் அலமாரியில் நெருக்கி அடுக்கினால் முந்நூறு புத்தகம் வரை கொள்ளும். எங்கும் கிடைக்கும் மூலநூல் பதிப்புகளை அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் நீங்கள் பயன்படுத்திக் குறிப்பெழுதிய கம்பராமாயணப் படி போக வேண்டும். நண்பர்களின் கையெழுத்து உள்ளவை போக வேண்டும். வாங்கி வைத்து இன்னும் படிக்காதவையும் கொஞ்சம் போக வேண்டும். மகனிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். அவரும் இந்தப் புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். அவர் சிறுவயதில் படித்தவற்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஓர் அலமாரி என்பது ஒரு சுவராக விரியவும் கூடும். கோவில்பட்டியின் வறண்ட காற்றுக்குப் பழகிய காகிதம் பெங்களூரின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் மெல்லிய துணியில் முடிந்து தட்டுகளில் வையுங்கள், சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

அந்த ஊரில் உங்களுக்குப் பேச ஆள் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கு அருகில் இருக்கிறது. அங்கே நூலகம் உண்டு, கூட்டங்களும் நடக்கின்றன. போன முதல் மாதத்திலேயே மகனை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வாருங்கள். புதிய நட்பு பழையதற்கு ஈடாகாது. ஈடாக வேண்டும் என்று எதிர்பார்க்காமல் போனால் அது தன் வழியில் வளரும். அண்ணாச்சியோடு மட்டும் இரண்டாவது சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அரை மணி நேரம் நீங்கள் படியுங்கள், அவர் கேட்கட்டும். பிறகு வழக்கம்போல் பேசுங்கள். எதைப் படிப்பது என்று ஒரு மாதம் அவரும் ஒரு மாதம் நீங்களும் முடிவு செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையும் மூட்டை கட்டாதீர்கள். மார்கழியில் ஈரம் குறைந்த பிறகு, சாக்கில் திணிக்காமல், ஒருவர் தூக்கக்கூடிய சிறிய அட்டைப் பெட்டிகளில் படுக்கை வாட்டில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியலின் நகல் ஒன்றை உள்ளே வைத்து அனுப்புங்கள். அதற்கெல்லாம் முன்பாக, அம்மாவின் புத்தகங்கள் உங்களிடம் இருப்பதைச் சொல்லி, இந்த வாரமே தோழியின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.